புதுப்பிப்பு: பக்கவாதத்துக்குப் பின் அப்பாவின் பேச்சு, ராகம் போட்டுப் பேசும் பயிற்சி

பக்கவாதத்தில் அப்பாவுக்குப் பேச்சு போய்விட்டது, பழைய பாட்டை மட்டும் வார்த்தை பிசகாமல் பாடுகிறார், இதை வைத்து ஏதாவது செய்யலாமா என்று 3 மாதம் முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

பலன் தந்தது, 'ராகம் போட்டுப் பேச வையுங்கள்' என்று ஒருவர் சொன்ன யோசனைதான். பேச்சுப் பயிற்சியாளரிடம் கேட்டோம். 1973-இல் பாஸ்டன் ஆய்வாளர்கள் வெளியிட்ட முறை இது. மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டே சுரம். 'தண்ணி வேணும்' என்று இழுத்துப் பாடியபடி, அசைக்கு ஒரு தட்டாக அவருடைய இடது கையைத் தட்ட வேண்டும். முதலில் நம்மோடு சேர்ந்து பாடுவார். அப்புறம் நாம் பாதியில் நிறுத்த அவர் முடிப்பார். கடைசியில் ராகமே இல்லாமல் சொல்வார். தினமும் இரண்டு வேளை, அரை மணி நேரம் செய்தோம். ஏழாவது வாரம் அம்மாவைப் பார்த்து அவராகவே 'காப்பி கொடு' என்றார். அம்மா அடுப்படியிலேயே நின்று அழுதுவிட்டார்.

எதிர்பாராதது: வெறுமனே பாட வைத்தது அவர் மனசுக்கு நன்றாக இருந்தது, ஆனால் பேச்சாக மாறவில்லை. பழகிய 12 வாக்கியங்கள் வருகின்றன, புதியவற்றுக்கு இன்னும் திணறுகிறார். இடது மூளை பாதித்து, பிறர் பேசுவது நன்றாகப் புரிபவர்களுக்கே இது அதிகம் பொருந்தும். முதலில் பேச்சுப் பயிற்சியாளரிடம் காட்டிவிட்டுத் தொடங்குங்கள்.