கடைசிப் பெட்டியும் 4 நிமிட நடையும்

ரயில், பேருந்து, படகு மூன்றும் சேர்ந்த பயணம். வழி காட்டும் தளம் ஒன்றில் போட்டுப் பார்த்தேன். ரயிலை விட்டு இறங்கிப் பேருந்தைப் பிடிக்க 6 நிமிடம் இருந்தது, அதில் நடை 4 நிமிடம். போதும் என்று நினைத்துவிட்டேன். ரயில் சரியான நேரத்துக்குத்தான் வந்தது. ஆனால் நான் இருந்தது கடைசிப் பெட்டியில். நீளமான நடைமேடை, படிக்கட்டு, மேம்பாலம் எல்லாம் தாண்டி நிறுத்தத்துக்கு வந்தால் பேருந்தின் முதுகுதான் தெரிந்தது. பேருந்தோடு படகும் போயிற்று.

அப்புறம்தான் விசாரித்தேன். இந்தத் தளங்கள் பெரும்பாலும் ஜிடிஎஃப்எஸ் என்ற வடிவில் வரும் கால அட்டவணையை நம்பியிருக்கின்றன. 2005-இல் அமெரிக்காவின் போர்ட்லாந்து போக்குவரத்து நிறுவனமும் கூகுளும் சேர்ந்து தொடங்கியது அது. வண்டி மாறக் குறைந்தது எத்தனை நொடி வேண்டும் என்று எழுத அதில் இடம் உண்டு, ஆனால் கட்டாயமில்லை. எழுதாவிட்டால் தளம் தானாக ஒரு கணக்குப் போட்டுக்கொள்ளும். நிலையம் முழுவதும் வரைபடத்தில் ஒரே புள்ளி என்றால், கடைசிப் பெட்டியைப் பற்றி அதற்கு என்ன தெரியும்?

இப்போதெல்லாம் எது வேகமான வழி என்று பார்ப்பதில்லை. தவறவிட்டால் அடுத்தது எப்போது என்றுதான் பார்க்கிறேன். 10 நிமிடத்துக்கொரு பேருந்து என்றால் கவலையில்லை. நாளுக்கு இரண்டே படகு என்றால் ஒரு ரயில் முன்னதாகவே கிளம்பிவிடுகிறேன்.

---

உங்களைக் கவிழ்த்தது கடைசிப் பெட்டி, என்னைக் கவிழ்த்தது நள்ளிரவு. சனிக்கிழமை பேருந்துக்கு 24:40 என்று போட்டிருந்தது. பிழை என்று சிரித்துக்கொண்டே, சனி பிறந்து 40 நிமிடத்தில் போய் நின்றேன். வண்டி வரவில்லை. நள்ளிரவு தாண்டி ஓடும் வண்டியை முந்தைய நாளின் கணக்கிலேயே, 24-ஐத் தாண்டி எழுதுவதுதான் நீங்கள் சொன்ன ஜிடிஎஃப்எஸ் வடிவின் முறையாம். அதாவது சனிக்கிழமை 24:40 என்றால் ஞாயிறு அதிகாலை 12:40. சரியாக ஒரு நாள் முன்னதாகப் போயிருக்கிறேன்!

---

படகைத் தவறவிட்டவரே, படகு டிக்கெட்டைத் தனியாக வாங்கியிருந்தீர்களா? நான் அப்படி வாங்கி, ரயில் தாமதமானதால் அடுத்த வண்டியைத் தவறவிட்டேன். பணம் திரும்பக் கேட்டபோது, “எங்கள் வண்டி நேரத்துக்குத்தானே கிளம்பியது” என்றார்கள். அதுவும் உண்மைதான். தளம் இரண்டையும் ஒரே கோட்டில் காட்டியது, ஒரே பயணம் என்று நானாக எண்ணிக்கொண்டேன்.