ப்ரைமிங்: ‘தூண்டல்’ வேண்டாம், ‘குழல்காய்வு’ எனலாமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

பம்ப் ஸ்டவ்வைப் பற்றவைக்கும் முன், எண்ணெய் ஏறும் குழலின் அடியிலுள்ள கிண்ணத்தில் சிறு தீ மூட்டி அந்தக் குழலைச் சூடாக்குவதை ஆங்கிலத்தில் ப்ரைமிங் என்கிறார்கள். அடுப்புக் கையேட்டில் எழுத இதற்குத் தமிழ்ச் சொல் தேடியபோது, நம்மில் ஓர் ஐயா ‘தூண்டல்’ என்றார், ஓர் அக்கா ‘ஸ்பிரிட் இடல்’ என்றார். ஐயா சொன்னதன் காரணம் புரிகிறது. விளக்குத் திரியைத் தூண்டுகிறோம் அல்லவா? ஆனால் இண்டக்‌ஷன் அடுப்பை ஏற்கெனவே ‘தூண்டல் அடுப்பு’ என்று எழுதுகிறார்கள். அதோடு, திரியைத் தூண்டினால் சுடர் உடனே எழும். இங்கே காத்திருப்பதுதான் வேலையே.

அக்கா சொன்ன ‘ஸ்பிரிட் இடல்’ வீட்டு ஸ்டவ்வுக்கும் பெட்ரோமாக்ஸுக்கும் சரி. முகாமுக்குக் கொண்டுபோகும் அடுப்புகள் பலவற்றில் ஸ்பிரிட் கிடையாது. வால்வைக் கொஞ்சம் திறந்து, அதே எரிபொருளைக் கிண்ணத்தில் கசியவிட்டுக் கொளுத்துகிறோம். அதனால் ஊற்றும் பொருளை விட்டுவிட்டு, குழலுக்கு என்ன நடக்கிறது என்பதை வைத்துத்தான் பெயரிட வேண்டும்.

எரிபொருள் கலத்திலிருக்கும் காற்றழுத்தம் மண்ணெண்ணெயை மேலே தள்ளுகிறது. சூடான குழலைக் கடக்கும்போது அது ஆவியாகி, நிப்பிளின் சின்னத் துளை வழியே சீறி, காற்றோடு கலந்து நீலமாக எரிகிறது. குழல் சூடாகாவிட்டால் எண்ணெய் எண்ணெயாகவே வெளியே வரும்.

அது எப்படி இருக்கும் என்று வாலிநோக்கம் கடற்கரையில் ஓர் ஆடி மாதம் பார்த்தேன். மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று ஸ்பிரிட் சுடரை ஒரே பக்கமாகச் சாய்த்துவிட்டது. குழலின் மறுபக்கம் சூடேறவே இல்லை. அது தெரியாமல் பம்ப் அடித்தேன். இடுப்புயரத்துக்கு மஞ்சள் தீ, கூடவே கரும்புகை. கலத்தின் அழுத்தத்தை வெளியேற்றும் காற்றுத் திருகைத் திறந்துவிட்டதும்தான் அடங்கியது. பக்கத்தில் வலை பிரித்துக்கொண்டிருந்த பெரியவர் சொன்னார்: “கல்லு காயுறதுக்கு முன்னாடி மாவ ஊத்துவியாப்பா? கொழா காயட்டும்.”

அன்றிலிருந்து எனக்கு வேறு சொல் தோன்றவில்லை. தோசைக்கல் காய்கிறது, சட்டியில் எண்ணெய் காய்கிறது. வேலைக்குத் தேவையான சூடு ஏறிவிட்டது என்பதே இரண்டிலும் பொருள். ‘முன்சூடேற்றல்’ தவறில்லை, ஆனால் கேக் சுடும் ‘அவன்’ அடுப்புக்கும் அதே சொல்தான். தண்ணீர் மோட்டாரில் நீர் ஊற்றிக் காற்றை வெளியேற்றுவதற்கும் ஆங்கிலத்தில் ப்ரைமிங் என்றுதான் பெயர். அந்தக் குழப்பத்தைத் தமிழுக்கு ஏன் இழுத்துவர வேண்டும்?

‘காய்வு’ என்றால் ஈரம் உலர்வது என்று படாதா என்று கேட்பீர்கள். ‘குழல்’ முன்னால் நிற்பதால் அடுப்புக் கையேட்டில் அப்படிப் படாது. ‘குழல்காய்ச்சல்’ என்று மட்டும் வேண்டாம், அது நோயாகிவிடும்.

கையேட்டில் இப்படி வரும்: “குழல் நன்றாகக் காய்ந்து, கிண்ணத்துத் தீ அணையப்போகும் நேரத்தில் வால்வை மெதுவாகத் திறக்கவும். குழல்காய்வின்போது காற்றுமறைப்பு வைக்கவும். ஆனால் எரிபொருள் கலத்தை அதற்குள் அடைக்க வேண்டாம், கலம் சூடேறுவது ஆபத்து.”

அப்புறம், ‘நிப்பிள்’, ‘பின்’ (நிப்பிள் துளையைக் குத்தும் ஊசி), ‘வாஷர்’ என்ற மூன்று சொற்களையும் மொழிபெயர்க்காமல் அப்படியே விட்டுவிடலாம். மணல் அடைத்த நிப்பிளைக் குத்த ஒரு ‘பின்’ வேண்டுமென்றால், எங்கள் ஊர்க் கடையில் அந்தப் பெயரைச் சொன்னால்தான் எடுத்துக் கொடுப்பார்கள்.