லைவ்வெல் பம்ப் ஓடவில்லை, மீற்றர் 12 வோல்ற்று காட்டுகிறது: உதவி தேவை

வலைவீச்சன்:
வணக்கம் அண்ணாமார். சென்ற ஆண்டு வாங்கிய பழைய படகில் லைவ்வெல் (பிடித்த மீனை உயிரோடு வைத்திருக்கும் தொட்டி) பம்ப் ஓடவில்லை. பழுதென்று எண்ணிப் புதியது மாற்றினேன், அதுவும் ஓடவில்லை. மீற்றர் 12 வோல்ற்று காட்டுகிறது. சனிக்கிழமை ஒன்ராறியோவின் ஸ்கூகொக் ஏரிக்குப் போக வேண்டும். என்ன செய்யலாம்?

ஏரிக்கரையான்:
தம்பி, மணிக்கு எத்தனை கலன் இறைக்கும் பம்ப், பியூஸ் எரிந்ததா, ரைமர் உள்ளதா, 12 வோல்ற்றை எந்த இடத்தில் அளந்தீர்கள் என்பவற்றில் ஒன்றையும் நீங்கள் எழுதவில்லை. பம்ப் முற்றாக அடங்கியிருக்கிறதா, முனகுகிறதா?

தூண்டில்மணி:
இதற்குக் காரணம் எப்போதும் பாசிதான். அந்த ஏரியில் களை அடர்த்தி. நீர் உறிஞ்சும் வாயைக் கழற்றி, விசிறியில் சுற்றியிருப்பதை முதலில் அகற்றுங்கள்.

வலைவீச்சன்:
500 கலன். பியூஸ் நல்லது. ரைமர் உண்டு. பம்பைக் கழற்றிவிட்டு, அதற்கு வரும் வயர் முனையில் அளந்தேன். மெல்லிய முனகல் கேட்கிறது. புதிய பம்பில் பாசி இல்லை.

கறல்கம்பி:
இதே கேள்விக்கு நான் எத்தனை முறை பதில் எழுதியிருக்கிறேன் என்று தேடிப் பார்க்கும் பழக்கம் இங்கே எவருக்கும் இல்லை. பம்பைக் கழற்றிவிட்டு அளந்தால், ஒரேயோர் இழை மட்டும் மிஞ்சியிருக்கும் வயரும் 12 வோல்ற்றுத்தான் காட்டும், ஏனெனில் மீற்றர் இழுக்கும் மின்னோட்டம் இல்லையென்றே சொல்லுமளவுக்குச் சிறியது. இரண்டு அம்பியர் அளவில் இழுக்கும் மோட்டரை இணைத்த மறுகணமே கறல் பிடித்த இணைப்பு தன் பங்கை விழுங்கிவிடும். பம்பை இணைத்து, ரைமரைத் தொடர் ஓட்டத்தில் வைத்து இரண்டு அளவுகள் எடுங்கள்: பம்பின் இரு வயர்களுக்கிடையே ஒன்று; பம்பின் கறுப்பு வயருக்கும் பற்றறியின் எதிர்முனைக்கும் இடையே மற்றொன்று. இரண்டாவது அரை வோல்ற்றைத் தாண்டினால் கோளாறு எதிர்முனை வயரில்தான்.

சுழலி:
பியூஸை 10 அம்பியராக மாற்றிப் பாருங்கள். எனக்குச் சரிவந்தது.

கறல்கம்பி:
பியூஸ் நல்லதென்று அவர் எழுதியதை வாசித்தீர்களா? பம்பின் உடலில் அச்சிட்ட அளவை மீறினால், விசிறி இறுகும் நாளில் பியூஸுக்குப் பதிலாக மோட்டர்தான் எரியும்.

வலைவீச்சன்:
முதலாவது 4.1, இரண்டாவது 8.2. அப்போது பற்றறியில் 12.5. ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன்: பழைய பம்பை நேரடியாகப் பற்றறியில் தொட்டபோது நன்றாக ஓடியது.

ஏரிக்கரையான்:
அதை அன்றே கேட்டிருந்தால் புதிய பம்பின் காசு மிஞ்சியிருக்கும், தம்பி. 4.1 உம் 8.2 உம் சேர்ந்து 12.3, ஆகவே நேர்முனைப் பக்கத்தில் இழப்பது 0.2 மட்டுமே. சுவிற்சைத் தொடாமல் கறுப்பு வயரைப் பின்தொடர்ந்து போங்கள். தொட்டிக்குப் பின்னால் ஈரம் தங்கும் மூலையில், வீட்டு மின்வேலைக்குரிய பிளாஸ்ரிக் தொப்பியால் முறுக்கி மூடிய இணைப்பு ஒன்று இருக்கக்கூடும். அதை வெட்டியெறிந்து, பளபளக்கும் செம்பு தெரியும்வரை உரித்து, உட்பசையுள்ள சுருங்கு குழாய் இணைப்பியால் நசுக்கிச் சூடாக்குங்கள்.

தூண்டில்மணி:
நசுக்குவதைவிட ஈயம் பற்றவைப்பதே உறுதி. என் தந்தையார் யாழ்ப்பாணத்தில் வானொலி திருத்தியவர். அவர் பற்றவைத்த எதுவும் கழன்றதில்லை.

கறல்கம்பி:
வானொலி அலைமீது குதிப்பதில்லை. ஈயம் ஊறிய இழை விறைத்து, அது முடியும் இடத்தில் அதிர்வால் முறியும். பற்றவைப்பு மட்டுமே வயரைப் பிடித்திருக்கக் கூடாது என்பது படகு மின்வேலைக்கான ஏபிவைசி (அமெரிக்கப் படகுத் தர அமைப்பு) தரத்திலேயே உள்ளது.

தூண்டில்மணி:
என் படகில் ஒன்பது ஆண்டுகளாக ஒன்றும் முறியவில்லை.

ஏரிக்கரையான்:
வாதத்தைப் பிறகு வைத்துக்கொள்வோம். தம்பி, பிடித்த பாஸ் மீனைத் தொட்டியில் வைத்திருந்து பின்னர் விடுவிக்கும் சலுகை, காற்றூட்டும் கருவி இயங்கிக்கொண்டிருக்கும் தொட்டிக்கே ஒன்ராறியோவில் உண்டு. பம்ப் சரிவராவிட்டால், உடனே விடாத மீனெல்லாம் உங்கள் நாளாந்த எண்ணிக்கையில் சேரும்.

வலைவீச்சன்:
தொப்பிதான். உள்ளே பச்சைத் தூள். இப்போது பம்பில் 12.1. நன்றி.

தூண்டில்மணி:
நசுக்கினீர்களா, பற்றவைத்தீர்களா?