தாத்தாவின் ஸ்டான்லி இழைப்புளி எந்த வருடத்தையது?

மரத்தூள்:
தாத்தா ஆசாரி வேலை பார்த்தவர், பரணில் அவருடைய இரும்பு இழைப்புளி கிடைத்தது, ஸ்டான்லி நம்பர் 4. அமெரிக்கக் கம்பெனி என்று படித்தேன், ஆனால் இதில் 'மேட் இன் இங்கிலாந்து' என்று இருக்கிறது. போலியா?

பழையஉளி:
போலி என்று முடிவு கட்டாதீர்கள். ஸ்டான்லி அமெரிக்காவின் கனெக்டிகட்டில் இருந்த கம்பெனிதான். லெனார்ட் பெய்லியின் இழைப்புளி பேட்டன்ட்டுகளை 1869இல் வாங்கித்தான் இந்தத் தொழிலில் பெரிதானார்கள். அப்புறம் 1930களின் பிற்பகுதியில் ஷெஃபீல்டில் சாப்மன் என்ற கம்பெனியை வாங்கி இங்கிலாந்திலும் தயாரித்தார்கள். உங்களுடையது அதற்குப் பிந்தியது.

மரத்தூள்:
அலகுக்குப் பின்னால் பேட்டன்ட் தேதிகள் பார்க்கச் சொல்கிறார்களே, என்னுடையதில் ஒன்றுமே இல்லை.

சீவல்:
அது அமெரிக்க இழைப்புளிக்கான கணக்கு சார். மார்ச் 25, 1902, ஆகஸ்ட் 19, 1902, ஏப்ரல் 19, 1910 என்று மூன்றும் இருந்தால் கிட்டத்தட்ட 1910 முதல் 1918 வரை. ஷெஃபீல்டு சரக்குக்கு அந்தப் பட்டியலை வைத்துப் பார்த்தால் குழப்பம்தான் மிஞ்சும். அலகில் உள்ள முத்திரையை மட்டும் நம்ப வேண்டாம், தேய்ந்தால் வேறு அலகு மாட்டியிருப்பார்கள், அதுவும் ஆசாரி கையில் இருந்தது என்றால் சொல்லவே வேண்டாம். கைப்பிடி மரமா பிளாஸ்டிக்கா?

மரத்தூள்:
மரம். தாத்தாவின் கட்டைவிரல் பட்ட இடம் குழிந்திருக்கிறது.

பழையஉளி:
துருவை எடுக்கிறேன் என்று எழுத்துகளைத் தேய்த்துவிடாதீர்கள், முதலில் படம் எடுத்துப் போடுங்கள்.