குவாத்தமாலா: திக்கால், கிரிகுவா, தலைநகர அருங்காட்சியகங்கள் – 6 நாளில் எந்த வரிசை?

மேகவண்ணி:
வெள்ளி இரவு குவாத்தமாலா சிட்டியில் இறங்கி, அடுத்த வியாழன் இரவு கிளம்பணும். பிப்ரவரி மாதம். மாயா நாகரிகம்தான் நோக்கம், கடற்கரை, எரிமலை எதுவும் வேண்டாம். கூட அம்மா வர்றாங்க, 66 வயசு. சமதளத்தில் நடப்பாங்க, படி ஏறினா முழங்கால் வலிக்கும். பழைய மாயா நகரமான திக்கால் கட்டாயம் பார்க்கணும். இன்னொரு மாயா ஊரான கிரிகுவா சேருமா? அருங்காட்சியகங்களை முதல்லயே பார்த்துடலாமா, இல்ல களத்தைப் பார்த்துட்டு வந்து பார்க்கணுமா? திக்கால் டிக்கெட்டை எப்படி வாங்கறது?

தொல்சுவடு:
ஒண்ணு முன்னாடி, ஒண்ணு பின்னாடி. உங்க நாட்களுக்கு அது நல்லாவே பொருந்துது.

சனி காலை 10-வது மண்டலத்தில், ஃபிரான்சிஸ்கோ மர்ரோகின் பல்கலைக்கழக வளாகத்தில் இருக்கிற போபோல் வூ அருங்காட்சியகம். சனிக்கிழமை மதியம் 1 மணிக்கே மூடிடுவாங்க, ஞாயிறு திறக்கவே மாட்டாங்க, அதனால 9 மணிக்கு வாசல்ல நில்லுங்க. பெரிய இடமில்ல, இரண்டு மணி நேரம் தாராளம். வர்ணம் தீட்டின மாயா குவளைகளும், மாயா இனத்தில் ஒரு பிரிவான கிச்சே மக்களோட பெரிய ஈமத்தாழிகளும் இங்கதான் நின்னு பார்க்கணும். அரசன் எப்படி உட்கார்ந்தான், கொக்கோ பானத்தை எதில் குடிச்சான், தலையில் என்ன கட்டினான்னு குவளை ஓவியங்கள் கண்ணைப் பழக்கிடும். அதுக்கப்புறம் திக்கால்ல தேய்ஞ்சு போன செதுக்கல்கூட உருவமா தெரிய ஆரம்பிக்கும். அதே வளாகத்தில் இஷ்செல் அருங்காட்சியகம், முழுக்க நெசவு. நேரம் மிஞ்சினா பாருங்க.

தேசியத் தொல்லியல், இனவியல் அருங்காட்சியகம் 13-வது மண்டலத்தில், விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே. இதைக் கடைசி நாளுக்கு வையுங்க. திங்கள் விடுமுறை. அரசு நடத்துற இடம், பராமரிப்புக்காக மூடுறதும் உண்டு, அதனால முதல் நாளே ஒரு தடவை விசாரிச்சுக்குங்க. இங்க இரண்டு பொருளை விட்டுடாதீங்க. திக்கால் கல்லறையில் கிடைச்ச பச்சைக்கல் முகமூடி ஒண்ணு, பியெத்ராஸ் நெக்ராஸ் அரியணை இன்னொண்ணு. அந்த ஊர் உசுமசின்டா ஆற்றங்கரையில், ஆற்றோட இறங்கிப் போனாத்தான் சேர முடியும். உங்க பயணத்தில் அதுக்கு வழியே இல்ல. அரியணையோட சாய்மானத்தைக் கொஞ்சம் தள்ளி நின்னு பாருங்க: முழுசா ஒரு பெரிய முகம், அதன் இரண்டு கண்குழியிலிருந்தும் ஒவ்வொரு ஆள் எட்டிப் பார்ப்பான். அதைத் துண்டு துண்டா உடைச்ச நிலையில்தான் தோண்டி எடுத்தாங்க. ஒட்டின விரிசல்கள் இப்பவும் தெரியும்.

வரிசை: சனி தலைநகர். ஞாயிறு திக்காலுக்குப் பக்கத்து ஊரான ஃபுளோரஸுக்கு விமானம், ஒரு மணி நேரம்தான். பஸ்னா 8 முதல் 10 மணி நேரம், அம்மாவுக்கு வேண்டாம். திங்கள் திக்கால். செவ்வாய் தரை வழியா ரியோ துல்சே, அங்க தங்கல். புதன் காலை கிரிகுவா பார்த்துட்டு மாலைக்குள் தலைநகர். வியாழன் தேசிய அருங்காட்சியகம், அங்கிருந்து நேரா விமான நிலையம். தலைநகர்லேருந்து ஒரே நாள்ல கிரிகுவா போயிட்டுத் திரும்பலாம்னு வண்டிக்காரங்க சொல்வாங்க. ஒரு பக்கமே 200 கிமீ, அதுவும் அட்லாண்டிக் துறைமுகத்துக்குப் போற கன்டெய்னர் லாரிகள் நிரம்பின நெடுஞ்சாலை. ஒரு லாரி கவிழ்ந்தா மணிக்கணக்கில் நிக்கணும். விமானம் ஏற வேண்டிய நாளில் அதைச் செய்யவே செய்யாதீங்க.

வழித்துணை:
திக்கால் பத்தி நான் சொல்றேன்.

டிக்கெட் வெளிநாட்டவருக்கு 150 கெட்சால். கட்டணம் மாறலாம், போகும் வாரம் பார்த்துக்குங்க. கலாசார அமைச்சகத்தோட இணையதளத்தில் முன்கூட்டியே வாங்கறதுதான் நிம்மதி. பாஸ்போர்ட் எண் கேட்பாங்க, அதே பாஸ்போர்ட்டைக் கையில் வெச்சுக்குங்க. நிறைய பேர் சிக்கிக்கிற இடம் எதுன்னா, பூங்காவோட சோதனைச்சாவடி இடிபாடுகளுக்கு 17 கிமீ முன்னாடியே இருக்கு. உள்ளே போய் வாங்கிக்கலாம்னு நினைச்சுட்டுத் தாண்ட முடியாது. உள்ளே இன்னொரு இடத்திலும் டிக்கெட்டைக் கேட்பாங்க, அதனால கசக்கி எறிஞ்சுடாதீங்க. சாவடியில் வண்டிக்கு நேரம் குறிச்ச சீட்டு தருவாங்க. வேக வரம்பு மணிக்கு 45 கிமீ. சீக்கிரம் போய்ச் சேர்ந்தா வேகமா ஓட்டினீங்கன்னு தெரிஞ்சுடும். காட்டு மிருகங்கள் சாலையைக் கடக்குற இடம், சரியான ஏற்பாடுதான். ஏடிஎம்மை நம்பாதீங்க, பணத்தை ஃபுளோரஸிலேயே எடுத்துடுங்க.

அம்மாவுக்கு: பார்வையாளர் மையத்திலிருந்து பெரிய சதுக்கம் வரை காட்டுப் பாதை, மெதுவா நடந்தா அரை மணி. வேர் துருத்தியிருக்கும், பாசி வழுக்கும், செருப்பு ஆகாது. சதுக்கத்துக்கு வந்துட்டா படி ஏறாமலே பெரும்பகுதி பார்த்தாச்சு. கிழக்கே 47 மீட்டர் உயர முதலாம் கோயில், எதிரே மேற்கில் இரண்டாம் கோயில். முதலாம் கோயிலில் யாருமே ஏறக்கூடாது. இரண்டாவதுக்குப் பின்னாடி மரப்படி இருக்கு. அம்மா வடக்கு அக்ரோபோலிஸ் (மேடை மேல கட்டின கோயில் தொகுதி) ஓரம் நிழல்ல உட்காரட்டும், நீங்க மட்டும் நாலாம் கோயிலுக்குப் போயிட்டு வாங்க. 65 மீட்டர், அதுவும் மரப்படிதான். உச்சியில் நின்னா காட்டுக்கு மேலே மூணு கோயில் முடிகள் மட்டும் தெரியும்.

நாலாம் கோயில்ல வாசல் உத்தரத்தை அண்ணாந்து பார்க்க மறக்காதீங்க. செதுக்கின மூல உத்தரங்கள் அங்க இல்ல, 1870-களிலேயே பெயர்த்து எடுத்து இப்ப சுவிட்சர்லாந்தில் பாசெல் நகர அருங்காட்சியகத்தில் இருக்கு. அந்த மரம் எது தெரியுமா? நம்ம வீட்டில் தின்கிற சப்போட்டாவேதான். அதோட தாயகம் இந்தக் காடு. மரம் இரும்பு மாதிரி கெட்டி, அதனாலதான் இந்த ஈரத்திலும் 1200 வருஷத்துக்கு மேல தாங்கியிருக்கு. பாதையோரம் பல மரங்களில் பட்டை மேல குறுக்கும் நெடுக்குமா வெட்டுத் தழும்பு இருக்கும். சூயிங்கம்முக்குப் பால் எடுத்த தடம் அது.

மேகவண்ணி:
ரொம்ப நன்றி! சூரிய உதய டிக்கெட் தனியா விக்கிறாங்களே, வாங்கலாமா? கிரிகுவாவில் கல்லுங்க மட்டும்தானாமே, ஒரு அரை நாளுக்குத் தகுமா?

வழித்துணை:
உதய டிக்கெட்டுக்குத் தனிக் கட்டணம், வழிகாட்டியோட இருட்டிலேயே உள்ளே போகணும். பிப்ரவரியில் காட்டின் ஈரம் குளிர்ந்து மூடுபனியா நிக்கும், பல நாள் சூரியனே தெரியாது. ஊளைக்குரங்குகள் கத்துறதைக் கேட்கவே போறவங்க இருக்காங்க, அதுக்குன்னா தகும். உங்க நிலைமைக்கு வேண்டாம். சாதாரண டிக்கெட்டுக்கு 6 மணிக்கே திறந்துடும். ஞாயிறு இரவு பூங்காவுக்குள்ளேயே விடுதியில் தங்கினா சுற்றுலா வண்டிகள் வர்றதுக்கு முன்னாடி சதுக்கம் கிட்டத்தட்ட உங்களுக்கே.

ஓடைக்கரை:
கிரிகுவாவை "கல்லுங்க மட்டும்"னு யார் சொன்னாங்களோ! அம்மாவுக்கு இந்தப் பயணத்திலேயே சுகமான இடம் அதுதான். வாழைத் தோட்டங்களுக்கு நடுவில் சமதளப் புல்வெளி, ஸ்டெலாக்கள், அதாவது செதுக்கி நிறுத்தின உயரமான கற்கள், எல்லாம் கூரைக்கு அடியில் நிக்கும். 'ஈ' ஸ்டெலாவோட மொத்த நீளம் 10.6 மீட்டர், அதில் ஒரு பங்கு மண்ணுக்குள். மாயாக்கள் நிறுத்தின கற்களிலேயே மிகப் பெரியது, ஆண்டு 771. சில்லறையில் 10 சென்டாவோ நாணயம் வந்தா எடுத்துவைங்க, கிரிகுவா கல்தான் அதில் இருக்கு.

பின்கதை இல்லாம போனா பாதி விட்டுப்போகும். கிரிகுவா தெற்கே இருந்த கோபானுக்கு அடங்கின சின்ன ஊர். 738-ல் இதன் அரசன் காக் திலிவ், கோபான் அரசனைப் பிடிச்சுத் தலையை வெட்டிட்டான். இந்தப் பிரம்மாண்டக் கற்கள் பெரும்பாலும் அந்த வெற்றிக்கு அப்புறம் எழுந்தவை.

எழுத்தைப் படிக்கிற முறை: கல்லோட பக்கவாட்டில் மேலே பெரிய முகப்புக் குறி ஒண்ணு, அதுக்குக் கீழே இரண்டிரண்டு கட்டமா இடமிருந்து வலம், பிறகு அடுத்த வரி. புள்ளி 1, கோடு 5. 9-ன்னா ஒரு கோடும் நாலு புள்ளியும். இந்த எண்கள் தொடக்க நாளிலிருந்து எத்தனை நாள் ஆச்சுன்னு காட்டும்: முதல் அலகு 1,44,000 நாள், அடுத்து 7,200, 360, 20, 1. 771-ல் முடிஞ்ச காலவட்டம் 9.17.0.0.0, அதாவது 14,18,400 நாள், எண்ணிக்கை தொடங்கினது கி.மு. 3114. அந்தத் தொடக்க நாளே 'சி' ஸ்டெலாவில் செதுக்கியிருக்கு. 'டி'யில் புள்ளியும் கோடும் தேடாதீங்க, எண்ணுக்குப் பதிலா முழு உருவங்களே ஒண்ணையொண்ணு கட்டிப்பிடிச்சுக்கிட்டு இருக்கும்.

உச்சி வெயில்ல போனா வெளியே பளீர்னு, கூரைக்கடியில் மங்கல், செதுக்கல் தட்டையா தெரியும். ரியோ துல்சேயிலிருந்து விடிஞ்சதும் கிளம்பி திறக்கிற நேரத்துக்குச் சேருங்க, சாய்வு வெளிச்சத்தில் ஒவ்வொரு குறிக்கும் நிழல் விழும். மந்தாரமா இருந்தா சின்ன டார்ச்சைக் கயிற்றுக்கு இந்தப்பக்கம் நின்னு பக்கவாட்டில் அடிங்க. நேரா அடிச்சா ஒண்ணும் தெரியாது. முழுக்கை சட்டை போடுங்க, தோட்டத்துக் கால்வாய்களால கொசு அதிகம். ஏசி வண்டியிலிருந்து இறங்கினதும் கேமரா லென்ஸ் பூத்துப்போகும். துடைக்காம பத்து நிமிஷம் பைக்குள்ளேயே விட்டுட்டு, அதுவரை அம்மாவோட முதல் கல்லைச் சுத்தி வாங்க.