டியூப்லைட்டுக்கு அடியில் ஷூட்டிங்: ஃப்ளிக்கரில் (படத்தில் வெளிச்சம் துடிப்பது) மாட்டிய அனுபவங்களைப் போடுங்கள்

ஒளிமானி:
கல்யாண மண்டபம், ஆஸ்பத்திரி வராந்தா, மெஸ் சமையல்கட்டு. லொக்கேஷன் பார்க்கப் போனால் எல்லோரும் சுவரையும் ஜன்னலையும்தான் பார்க்கிறார்கள். அண்ணாந்து டியூப்லைட்டைப் பார்ப்பதில்லை. நம் ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ் என்பதால், சோக் போட்ட பழைய டியூப்லைட் விநாடிக்கு 100 தடவை மங்கி மங்கி எரியும். கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். 24 ஃபிரேமில் (விநாடிக்கு 24 படம்) 180 டிகிரி ஷட்டர் வைத்தால், அதாவது 360-இல் பாதி, எக்ஸ்போஷர் (ஒவ்வொரு ஃபிரேமிலும் ஒளி விழும் நேரம்) 1/48 விநாடி. அதற்குள் இரண்டு துடிப்பும் கொஞ்சம் மிச்சமும் விழுகின்றன. அந்த மிச்சம் ஃபிரேமுக்கு ஃபிரேம் மாறுவதால்தான் படம் விநாடிக்கு 4 முறை மூச்சு வாங்குகிறது. ஷட்டரை 172.8 டிகிரியாக்கினால் சரியாக 1/50, முழுசாக இரண்டு துடிப்பு. தொல்லை தீர்ந்தது. வெளிச்சம் குறைவது கணக்கிலேயே வராது. (60 ஹெர்ட்ஸ் கரண்ட் ஓடும் அமெரிக்காவில் பாட்டு எடுக்கப் போகிறவர்களுக்கு அது 144 டிகிரி.)

ஹைஸ்பீட்:
ஸ்லோமோஷனில்தான் கழுத்தறுப்பு. எக்ஸ்போஷர் 1/100-இல் நிற்க வேண்டும்: 48 ஃபிரேமுக்கு 172.8, 50-க்கு 180, 60-க்கு 216 டிகிரி. 1/50-ஐ விட ஒரு ஸ்டாப் நஷ்டம் (வெளிச்சம் பாதியாகும்), ஐ.எஸ்.ஓ. (கேமராவின் ஒளி உணர்வு அளவு) 800-இல் ஓட்டிய இடத்தில் 1600 கேட்கும். 100 ஃபிரேமைத் தாண்டிவிட்டால் எந்த ஷட்டரும் காப்பாற்றாது. ஒரு துடிப்பு முடிவதற்குள் ஃபிரேமே முடிந்துவிடும். டியூப்லைட்டை அணைத்துவிட்டு நம் லைட்டைப் போடுவதுதான் வழி. டங்ஸ்டன் (இழை சூடாகி எரியும் பல்பு) என்றால் பெரிய வாட்ஸாகப் போடுங்கள். தடித்த இழை சட்டென ஆறாது. சின்ன பல்பின் மெல்லிய இழை ஒவ்வொரு துடிப்புக்கும் ஆறிச் சுடும், அதுவும் ஃப்ளிக்கர்தான்.

புதுசு:
எல்.இ.டி. பல்பு மாட்டிய வீடு என்றால் இந்தப் பிரச்சினை இல்லைதானே அண்ணா?

ஒளிமானி:
அப்படி நம்பித்தான் நிறையப் பேர் மாட்டுகிறார்கள் தம்பி. மலிவான பல்பின் டிரைவரில் (உள்ளே கரண்டை மாற்றிக் கொடுக்கும் சர்க்யூட்) கெப்பாசிட்டர் போதாது. அதே 100 துடிப்பு வெளிச்சத்தில் தெரியும், அதே 172.8-க்கு அடங்கும். டிம்மர் போட்ட எல்.இ.டி.யும் சீரியல் செட்டும் வேறு ரகம். அவை தங்கள் இஷ்டத்துக்கு ஒரு வேகத்தில் அணைந்து எரியும், 50-இன் மடங்காக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. கேமராவில் ஷட்டரைப் புள்ளி புள்ளியாக நகர்த்தும் வசதி இருந்தால், ஃப்ளிக்கரால் படத்தில் ஓடும் பட்டை மறையும் வரை நகர்த்த வேண்டும். இல்லையென்றால் பல்பை மாற்றுங்கள்.

லொக்கேஷனிலேயே கண்டுபிடிக்கச் செலவில்லாத வழி: போனை 240 ஃபிரேம் ஸ்லோமோஷனில் வைத்து ஒவ்வொரு பல்பாகப் பிடியுங்கள். துடிக்கிற பல்பு தானே காட்டிக்கொடுக்கும். 7 இஞ்ச் மானிட்டரை நம்பாதீர்கள். மெல்லிய பட்டைகள் வெள்ளைச் சுவரில்தான் தெரியும், அதுவும் டி.ஐ.யில் (எடுத்த படத்தின் கலரைச் சரிசெய்யும் கட்டம்) பெரிய திரையில் போட்ட பிறகு.

கலர்டேபிள்:
டி.ஐ.யில் பார்த்துக்கொள்ளலாம் என்பவர்களுக்கு: ஃபிரேம் முழுக்க ஒரே மாதிரி மங்கிப் பிரகாசித்தால் மென்பொருள் ஓரளவு சமன் செய்யும். முகத்தில் ஜன்னல் வெளிச்சம், பின்சுவரில் மட்டும் டியூப்லைட் பட்டை என்றால் ஒவ்வொரு ஷாட்டுக்கும் முகத்தை மாஸ்க் போட்டுப் பிரிக்க வேண்டும்.

இன்னொன்று, பச்சை. பழைய டியூப்லைட்டில் பச்சை தூக்கலாக இருக்கும். நாலைந்து டியூப் என்றால் ஒவ்வொன்றுக்கும் மைனஸ் கிரீன் பேப்பர் (பச்சையைக் குறைக்கும் கலர் தாள்) சுற்றலாம். ஐம்பது டியூப் எரிகிற மண்டபத்தில் அது நடக்காது. அங்கே நம் லைட்டுக்கு பிளஸ் கிரீன் போட்டு எல்லாவற்றையும் ஒரே பச்சையாக்கி, கிரே கார்டு (சாம்பல் நிற அட்டை) வைத்து ஒயிட் பேலன்ஸ் எடுத்துவிடலாம், கேமரா அந்தப் பச்சையைக் கழித்துவிடும். ஆனால் ஜன்னலை மறந்தால் போச்சு. பகல் வெளிச்சத்தில் பச்சை தூக்கலாக இல்லாததால் ஜன்னலோரம் நிற்பவர் முகம் ரோஸ் நிறமாகிவிடும். ஜன்னலுக்கும் பிளஸ் கிரீன் ஒட்டுங்கள், இல்லை கறுப்புத் துணி கட்டுங்கள்.

மூணுஃபேஸ்:
டியூப்பையே சி.ஆர்.ஐ. (நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்ற அளவு) 95-க்கு மேலுள்ள எல்.இ.டி.யாக மாற்றுவது நல்லதுதான். ஆனால் பல ரகங்களுக்கு ஸ்டார்ட்டரைக் கழற்றி சோக்கை பைபாஸ் செய்ய வேண்டும். டியூப்பிலேயே வயரிங் படம் இருக்கும். மெயினை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியன் செய்கிற வேலை அது. ஷாட் ரெடி என்று சத்தம் கேட்டதும் ஸ்டூல் மேல் ஏறிச் செய்வதல்ல.

மண்டபத்தில் மூன்று ஃபேஸ் இருந்தால் அடுத்தடுத்த டியூப்லைட்டுகளை வெவ்வேறு ஃபேஸில் பிரித்துக் கொடுத்துப் பாருங்கள். ஒன்று மங்கும்போது மற்றது எரியும், துடிப்பு வெகுவாகக் குறையும். மூன்றின் வெளிச்சமும் ஒரே இடத்தில் விழுந்தால்தான் பலன்.

ஜெனரேட்டரில் ஓட்டினால் பேனலில் வோல்ட்டை மட்டும் பார்க்காமல் ஹெர்ட்ஸையும் பாருங்கள். லோடு ஏறினால் இன்ஜின் வேகம் குறைந்து 49-க்கு இறங்கும். அங்கேயே நிலையாக நின்றால் 24 ஃபிரேமுக்கு ஷட்டரை 176.3 டிகிரி வைத்துச் சமாளிக்கலாம். ஏறி இறங்கி ஆடினால் ஒன்றும் செய்ய முடியாது. பெரும்பாலும் அதே லைனில் கேரவன் ஏ.சி. ஓடிக்கொண்டிருக்கும், முதலில் அதைத் தனி ஜெனரேட்டருக்கு மாற்றச் சொல்லுங்கள்.