தார் ரோடு எங்கே முடிந்தது? உங்கள் ஊர் அனுபவம்

செங்கம் பக்கம்:
எங்கள் ஊருக்குப் பிரதம மந்திரி கிராம சாலைத் திட்டத்தில் ரோடு போட்டார்கள். மாரியம்மன் கோயிலோடு தார் முடிந்தது. காலனி அங்கிருந்து 400 மீட்டர். கேட்டதற்கு, "500 மீட்டருக்குள் தார் ரோடு இருந்தால் இணைப்பு உள்ள குடியிருப்பு என்றுதான் கணக்கு" என்று வரைபடத்தைக் காட்டினார்கள். விதி அப்படித்தான், தெரியும். ஆனால் ரோடு வாங்க 500 பேர் வேண்டும் என்றபோது எங்கள் தலைகளையும் சேர்த்துத்தானே எண்ணினார்கள்?
ஐப்பசி மழையில் சித்திக்கு வலி எடுத்தது. 108 வண்டி கோயிலோடு நின்றுவிட்டது. டிரைவர் இறங்கிச் சேற்றில் காலை வைத்துப் பார்த்தார், கணுக்கால் வரை போனது. ஸ்ட்ரெச்சரை உருட்ட வழியில்லை, நாலு பேர் தோளில் தூக்கி வந்தோம். வண்டி வெளிச்சத்தில் தார் முடிகிற விளிம்பு தெரிந்தது, கத்தியால் வெட்டியது போல நேராக. தாயும் பிள்ளையும் நலம். அந்த விளிம்பு மட்டும் மனசை அறுக்கிறது.

ஜவ்வாது மலை:
உங்களுக்கு 500 மீட்டர். மலையில் அந்தக் கணக்கு 1.5 கி.மீ. நடைதூரம். 2006 வன உரிமைச் சட்டம் 3(2) பிரிவில், கிராம சபை பரிந்துரைத்தால் காட்டு நிலத்தில் ஒரு ஹெக்டேருக்குள், ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டாமல் ரோடு போடலாம். 5 மீட்டர் அகலம் வைத்தால் 2 கி.மீ.யிலேயே ஒரு ஹெக்டேர் தீர்ந்துவிடும். எங்கள் ஊர் அதற்கும் மேலே. ஜேசிபி நின்றுபோன இடத்தில் ஒரு பாறை, அதில் சுண்ணாம்பு அம்புக்குறி. சாமை மூட்டை சுமந்து இறங்கும் பெண்கள் அங்கேதான் இறக்கிவைத்து மூச்சு வாங்குகிறார்கள்.

ஓய்வுபெற்ற ஓவர்சியர்:
செங்கம் தம்பி, விதியைக் குறை சொல்லாதீர்கள். வரையறை இல்லாவிட்டால் செல்வாக்கு உள்ளவர் வாசலுக்குத்தான் ரோடு போகும். தன் தென்னந்தோப்பு வழியாகத் திருப்பச் சொல்லி ஒருவர் ரோலர் முன்னால் படுத்ததை நேரில் பார்த்தவன் நான்.
எல்லோருக்கும் ஒன்று சொல்கிறேன். ரோட்டுக்கு எமன் வண்டி இல்லை, தண்ணீர். 3.75 மீட்டர் தார் ரோட்டில் நடுப்பகுதி ஓரத்தைவிட 5, 6 செ.மீ. உயர்ந்திருக்க வேண்டும். குறுக்கே ஒரு நூலை இழுத்துப் பிடித்தால் தெரிந்துவிடும். மழைக்கு முன் பக்க வாய்க்காலைத் தூர்வார வையுங்கள். ஓரத்து மண் தாரைவிட உயர்ந்திருந்தால் சீவச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் தண்ணீர் ரோட்டிலேயே நிற்கும். வயல் தண்ணீரைக் கடத்த யாரும் ரோட்டை வெட்டுவதற்கு விடாதீர்கள். 5 வருடப் பராமரிப்பு காண்ட்ராக்டர் பொறுப்பு, தகவல் பலகையில் தேதி இருக்கும். குழி விழுந்தால் போட்டோ எடுத்து, ரோட்டுப் புகாருக்கென்றே உள்ள 'மேரி சடக்' செயலியில் போடுங்கள். ஜல்லி பரப்பும் நாளிலேயே போய் நில்லுங்கள். தார் ஊற்றிய பிறகு அடியில் கிராவல் எவ்வளவு கனம் என்று தோண்டாமல் யாருக்கும் தெரியாது.

தாளவாடி டீச்சர்:
ஐயா, நீங்கள் சொல்வதெல்லாம் ரோடு இருக்கிறவர்களுக்கு. அவர் கேட்பது ரோடே இல்லாத 400 மீட்டரைப் பற்றி. செல்வாக்கைத் தடுக்க வந்த விதி, காலனியையும் சேர்த்துத் தடுக்கிறதே, அதற்கு என்ன சொல்கிறீர்கள்? எங்கள் பள்ளத்தில் தண்ணீர் வந்தால் நாலாம் வகுப்பில் பாதி பெஞ்சு காலி. அக்கரையில் ஒரு பெண் பிள்ளை பையைத் தலையில் வைத்துக்கொண்டு, தண்ணீர் வடியும் என்று நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போனாள். தரைப்பாலம் கேட்டால், அந்தப் பக்கம் ஜனத்தொகை போதாதாம்.

செங்கம் பக்கம்:
டீச்சர், நன்றி. ஓவர்சியர் ஐயா, நூல் விஷயம் உபயோகமானது, கோபமில்லை. நூறு நாள் வேலையில் காலனி வரை மண் அடித்தார்கள். கூலிக்கே 60 சதவீதம் போக வேண்டும், கிராவலுக்குப் பணமில்லை என்று அப்படியே விட்டுவிட்டார்கள். மே 1 கிராம சபையில் அந்த 400 மீட்டரைத் தனித் தீர்மானமாக எழுதச் சொல்லப்போகிறோம். இப்படித் தீர்மானம் போட்டு ரோடு வாங்கிய ஊர்க்காரர்கள் யாராவது இருந்தால், என்ன எழுதினீர்கள் என்று சொல்லுங்கள்.